சாத்திய கதவில் ஒரு கணக்கு

பசறைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் காம்பராவுக்கு முன்பக்கம் ஒரே ஒரு கதவு. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டைக் காம்பரா என்றுதான் சொல்வோம்: ஓர் அறை, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்லும் குறுகிய தாழ்வாரம், பின்னால் ஒட்டினாற்போல் சமைக்கக் குசினி. கதவின் வெளிப்பக்கத்துப் பச்சை வர்ணம் வெயிலிலும் மழையிலும் வெளிறிப்போய்விட்டது. உட்பக்கம் மட்டும் அடித்த நாளில் இருந்த அதே பச்சை. அந்த உட்பக்கத்தில், நெஞ்சுயரத்தில், ஆணியால் கீறிய நாலு படுக்கைக் கோடுகளும் நாலு செங்குத்துக் கோடுகளும் உண்டு. ஒன்பது கட்டங்கள். போன மாதம் லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று தகவல் வந்தபோது, என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார். அம்மாவின் அம்மிக்கல், அப்பாவின் படம் என்று நான் பட்டியல் போடத் தொடங்குவதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது: "மொதல்ல கதவக் கழட்டச் சொல்லுங்க."

அந்தக் கட்டங்களைக் கீறியவர் அண்ணிதான். கலியாணமாகி வந்த மூன்றாவது வாரம் அது. தோட்டத்துச் சொத்தில் புது மருமகள் ஆணி வைத்துக் கீறுகிறாள் என்று அம்மாவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. தோட்டத்தை நடத்தும் தொரை கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். கதவின் உட்பக்கத்தைத் தொரை வந்து பார்ப்பதாக இருந்தால் அவரை உள்ளே உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுப்போம் என்றார் அண்ணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த அண்ணியோடு எனக்கு ஒத்துப்போகும் என்று தெரிந்துகொண்ட நாள் அது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் சட்டியும் அகப்பையும் மாதிரி இடித்துக்கொள்வார்கள் என்று லயமே காத்திருந்தது. பாவம், அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அண்ணி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். உயர்தரப் பரீட்சையை இரண்டு தடவை எழுதியிருந்தார். இரண்டாம் தடவை உயிரியலும் பௌதிகவியலும் கைகொடுத்தன. இரசாயனவியல் காலை வாரிவிட்டது. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கென்று அந்தப் பரீட்சையை மூன்று தடவைதான் எழுதலாம். மிச்சமிருந்தது ஒன்று. பெண் பார்க்கப் போன இடத்தில், தேத்தண்ணித் தட்டை வைத்த கையோடு, மூன்றாம் தடவையும் எழுத விடுவீர்களா என்று அண்ணனிடம் நேராகக் கேட்டாராம். அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டார். யோசிக்காமல் சொன்னதால்தான் அவரைப் பிடித்தது என்று அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னார். ஆனால் அண்ணியின் அப்பா சொல்லியனுப்பியது வேறு: இதிலும் போய்விட்டால் கொப்பிகளை மூட்டை கட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போ, புகுந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடாதே. அண்ணி அந்தப் பேச்சை வாக்காகவே எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவையும் தவறினால் அவரே கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்துகொள்வார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் அப்போது முதல் தடவை எழுதவிருந்தேன். பகலில் பதுளையில் பாடசாலை, சனிக்கிழமைகளில் அங்கேயே தனியார் வகுப்பு. எனக்கு இரசாயனவியல் சர்க்கரைப் பொங்கல். அதனால் எங்கள் இருவரில் கெட்டிக்காரி நான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். அண்ணிக்கு நான்கு வயது கூடுதல், அனுபவம் கூடுதல், தோல்வியும் கூடுதல். பாடசாலை விட்டு மூன்று மணிக்கு நான் வந்தால், அம்மா மலையிலிருந்து வரும் ஐந்து மணி வரை இருவரும் சேர்ந்து படிப்போம். சுவர் சுண்ணாம்பு உதிரும்; சோக்குக் கட்டி எழுதாது. பச்சை வர்ணக் கதவில் மட்டும் எழுத்து பளிச்சென்று விழும். ஒவ்வொரு நாளும் எழுதி, ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். கட்டங்கள் மட்டும் நிற்கும்.

கட்டங்கள் எதற்கு என்பதை இரசாயனவியல் படிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டியதில்லை. ஒரு மூடிய பாத்திரத்துக்குள் ஒரு வாயுவை அடைக்கிறோம். அதில் கொஞ்சம் பிரிந்து வேறொரு வாயு ஆகிறது. அந்த வேறு வாயுவும் சும்மா இருப்பதில்லை; திரும்பச் சேர்ந்து பழைய வாயு ஆகிறது. போவதும் வருவதும் ஒரே வேகத்துக்கு வந்ததும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் நின்றுவிட்ட மாதிரி தெரியும். நிற்கவில்லை. உள்ளே போக்குவரத்து நடந்துகொண்டேதான் இருக்கும். அதற்குப் பெயர் சமநிலை. அந்த நேரத்தில் எந்த வாயு எவ்வளவு செறிவில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கணக்கு. முதல் வரிசையில் தொடக்கத்தில் இருந்தது, இரண்டாம் வரிசையில் மாறியது, மூன்றாம் வரிசையில் மிஞ்சி நிற்பது. வகுப்பில் எங்களுக்குத் தந்த தலைப்புகள் தொடக்கம், மாற்றம், சமநிலை. அண்ணி கதவில் எழுதியது வேறு: பெரட்டு, போனது வந்தது, நிக்கிறது.

பெரட்டு என்பது காலையில் தொழிலாளர்களை ஒரே இடத்தில் கூட்டி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்தக் காட்சி தெரியும். மலை என்றால் இங்கே தேயிலை நிற்கும் ஒரு துண்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் உண்டு. அண்ணிக்கு வாயு மூலக்கூறுகள் எல்லாம் ஆட்கள்தான். இத்தனை பேர் பெரட்டுக்கு வந்தார்கள், இத்தனை பேர் இங்கிருந்து அங்கே போனார்கள், கடைசியில் இத்தனை பேர் நிற்கிறார்கள். மூல் என்று எழுதவேண்டிய இடத்தில் சில வேளை பேர் என்றே எழுதிவிடுவார். 0.6 பேர். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்தப் புள்ளி ஆறு பேரில் தலை போனதா கால் போனதா என்று கேட்பேன். கோபமே வராது அவருக்கு. அடுத்த தடவையும் பேர் என்றுதான் எழுதுவார்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. லயத்தில் பகல் வேளையில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் உள்ளே யாருக்கோ சுகமில்லை, அல்லது சண்டை, அல்லது மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கணக்கோ கதவின் உட்பக்கத்தில் இருந்தது. கதவைத் திறந்தால் கணக்கு சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும். வேறு வழியில்லாமல் சாத்தினோம். அது இன்னும் நல்லது என்றார் அண்ணி: "மூடுன பாத்திரத்துலதான் புள்ள சமநிலை வரும். தொறந்து வச்சா வாயு பூராவும் போயிரும்." இரண்டு வாரம் நிம்மதியாக ஓடியது. பிறகு அடுத்த காம்பராவில் இருந்த பெரியம்மா, எங்களுக்கு உறவல்ல, வயதால் பெரியம்மா, அம்மாவை மலையில் வைத்துக் கேட்டிருக்கிறார். மகளும் மருமகளும் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி என்ன ஆக்கிச் சாப்பிடுகிறார்கள், நீ இங்கே வேகிற வெயிலில் கொழுந்து பறிக்கிறாயே என்று.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். ஊரின் வாயை மூட முடியாது என்பதால் அம்மா எங்கள் கதவைத் திறந்துவிட்டார். இனிமேல் ஐந்து மணி வரை கதவு திறந்தே இருக்கவேண்டும் என்று உத்தரவு. அண்ணி மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த நாள் மூன்று மணிக்கு நான் வந்து பார்த்தால் வீட்டில் ஆளைக் காணோம். அண்ணி என்று கூப்பிட்டால் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வருகிறது. கதவை முக்கால்வாசி திறந்துவிட்டு, கதவுக்கும் சுவருக்கும் இடையிலான முக்கோண இடுக்கில் நுழைந்து, ஒரு கையில் சின்ன டோர்ச் லைட், மறு கையில் சோக்குக் கட்டி. நானும் நுழையப் பார்த்தேன். இருவருக்கு அங்கே இடமில்லை. அவர் உள்ளேயிருந்து எண்களைச் சொல்வார், நான் வெளியில் நின்று கொப்பியில் எழுதுவேன். ஒரு நாள் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, மருமகளுக்கு ஏதாவது பேய்க் கோளாறா என்று அடுத்த வதந்தியைக் கிளப்பினார்.

அந்த நாட்களில்தான் அண்ணி எந்த இடத்தில் தவறுகிறார் என்பது எனக்குப் பிடிபட்டது. உண்மையைச் சொன்னால் தவறு எங்கே என்று தெரிந்ததே தவிர, ஏன் என்று தெரியவில்லை. ஐதரசனும் அயடீனும் சேரும் கணக்கைக் கொடுத்தால் விடை கச்சிதமாக வரும். ஒன்று இரண்டாகப் பிரியும் கணக்கைக் கொடுத்தால் தப்பாக வரும். அதிலும் எப்போதும் அல்ல. ஒரு லீற்றர்ப் பாத்திரம் என்றால் சரி, இரண்டு லீற்றர் என்றால் பிழை. ஹல்துமுல்லையில் அவருக்குக் கிடைத்த பழைய குறிப்புகளில் எல்லாப் பாத்திரமும் ஒரு லீற்றர். ஒன்றால் வகுத்தால் என்ன, வகுக்காவிட்டால் என்ன? அதனால் வகுக்கும் படியையே அவர் பழகவில்லை. கனவளவால் வகுக்கவேண்டும் அண்ணி என்று நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். சரி சரி என்று வகுப்பார். மறுநாள் மறந்துவிடுவார். பெரட்டில் ஆட்களை எண்ணும்போது யார் எதனால் வகுக்கிறார்கள்? அந்தப் படிக்கு அவர் மனதில் இடமே இருக்கவில்லை. நான் கெட்டிக்காரி அல்லவா, இதுகூடத் தெரியாதா என்று கேலி செய்வதோடு என் கடமையை முடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் அம்மா வழக்கத்தைவிட எரிச்சலோடு வந்தார். இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டே யாரிடம் என்றில்லாமல் திட்டினார். "முப்பது பேரையும் கொண்டு போயி அந்தப் பொட்டு மலையில விட்டுட்டான் கங்காணி. கூடையும் கூடையும் இடிக்குது, கையும் கையும் பின்னுது. இதே முப்பது பேரு நேத்து பெரிய மலையில நின்னோம், ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க முடியல. ஆள மட்டும் எண்ணுனா போதுமா? எந்த மலைன்னு பாக்க வேணாமா?"

கதவு இடுக்கில் சோக்குக் கட்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அண்ணி வெளியே வந்தார். தலைமயிரில் ஒட்டடை, புருவத்தில் சுண்ணாம்பு. அம்மாவின் காலடியில் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லுங்கள் அத்தை என்றார். அம்மா பயந்துவிட்டார், பெரியம்மா சொன்ன பேய் உண்மைதானோ என்று ஒரு கணம் நினைத்ததாகப் பின்னால் சொன்னார். அண்ணி என் பக்கம் திரும்பினார். "செறிவுன்னா நெரிசல் புள்ள. நான் ஆளத்தான் எண்ணுனேன். ரெண்டு தடவ எழுதியும் எந்த மலைன்னு கேக்கவே இல்ல."

அன்று செய்த கணக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு லீற்றர்ப் பாத்திரம். நிறமில்லாத வாயு ஒரு மூல். ஒவ்வொன்றும் பிரிந்தால் கபில நிற வாயு இரண்டு. புள்ளி நாலு பிரிந்தது. நிற்பது இங்கே புள்ளி ஆறு, அங்கே புள்ளி எட்டு. ஆட்களை மட்டும் எண்ணி, இரு பக்கச் செறிவுகளையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் மாறிலியைக் கணித்தால் ஒன்றுக்கு மேலே வரும். மலையைக் கேட்டு, இரண்டால் வகுத்து, பிறகு கணித்தால் சரியாக அதில் பாதி. ஐதரசன் அயடீன் கணக்கில் இரு பக்கமும் ஆள் எண்ணிக்கை சமம் என்பதால், மலை எத்தனை பெரிதானாலும் மேலும் கீழும் வெட்டுப்பட்டுப் போகும். அதனால்தான் அங்கே அவருடைய பிழை பிடிபடாமல் தப்பித்துக்கொண்டிருந்தது. கட்டங்களுக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதினார்: எந்த மலை?

அம்மாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, கதவைச் சாத்திக் காட்டினோம். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். வாசித்துவிட்டு, இது நான் சொன்னதல்லவா என்றார். ஆமாம் அத்தை, உங்கள் பேச்சுத்தான், பரீட்சைக்கு வரும் என்றார் அண்ணி. அம்மா மலை என்ற எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் அவர் மலைக்குப் போகும்போது பெரியம்மாவின் வாசலில் நின்று உரக்கச் சொன்னது எங்களுக்கே கேட்டது: "புள்ளைங்க கதவுல பாடம் எழுதி இருக்குதுங்க. சாத்துனாத்தான் படிக்க முடியும். சாத்தட்டும்." அதற்குப் பிறகு பரீட்சை வரை எங்கள் கதவை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

அந்தக் கபில நிற வாயுவை வைத்து நான் அண்ணியை வதைத்தது தனிக் கதை. அது குளிரில் சோடி சோடியாகச் சேர்ந்து நிறமில்லாமல் ஆகும். சூட்டில் பிரிந்து நிறம் கொள்ளும். கொழும்பு வெக்கையில் இருக்கும் அண்ணனும் இங்கே நடுங்கிக்கொண்டிருக்கும் அண்ணியும் இந்தச் சமன்பாட்டில் எந்தப் பக்கம் என்று கேட்பேன். உன் அண்ணனை மலைநாட்டுக்கு மாற்றல் வாங்கி வரச் சொல், நானும் நிறம் மாறுகிறேன் என்பார். ஒரு நாள்கூட அவர் பதில் தேடித் திணறியதில்லை.

பரீட்சை வந்தது. நான் என் பாடசாலையில் எழுதினேன். அண்ணி வெளியிலிருந்து விண்ணப்பித்தவர் என்பதால் பதுளையிலேயே வேறொரு நிலையத்தில். இரசாயனவியல் இரண்டாம் தாளில் சமநிலைக் கணக்கு வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, அவ்வளவு சுலபம். மூன்று வரிசை போட்டேன், மிஞ்சி நிற்பதை எழுதினேன், மாறிலியைக் கணித்தேன், அந்த விடையை வைத்து அடுத்த மூன்று பகுதிகளையும் முடித்தேன். மற்றவர்கள் பாதியில் இருக்கும்போது நான் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். தாளைக் கொடுத்துவிட்டு மண்டபத்துப் படியில் இறங்கும்போதுதான், பின்னால் வந்த ஒரு பெண் இன்னொருத்தியிடம் ஐந்தால் வகுத்தாயா என்று கேட்டாள். பாத்திரம் ஐந்து லீற்றர். நான் ஆட்களைத்தான் எண்ணியிருந்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை. எனக்குச் சறுக்கியது அடி மட்டுமல்ல. ஒரு வருடம் முழுக்க யாரைக் கேலி செய்தேனோ, அவருடைய பிழையை அப்படியே நான் செய்திருந்தேன். அவர் இரண்டு தடவையும் தெரியாமல் செய்தார். நான் தெரிந்திருந்தும் செய்தேன்.

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் நிற்கும் இடத்தில் அண்ணி வறுத்த கச்சான் கடலைச் சுருளொன்றோடு காத்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்கும்போதே முகம் தெளிந்திருந்தது. எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் கச்சானை என் கையில் கொட்டிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எந்த மலைன்னு கேட்டியா புள்ள?"

"கேட்டேன் அண்ணி" என்றேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினார். பஸ் புறப்பட்டது. கச்சானை ஒன்றுகூடத் தின்னாமல் பைக்குள் போட்டேன்.

பெறுபேறு வந்த அன்று பசறையில் இணைய வசதி இருந்த ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு இருவரும் போனோம். அண்ணியின் பரீட்சைச் சுட்டெண்ணை முதலில் கொடுத்தோம். நானா திரையைப் பார்த்து, இரசாயனவியலில் 'பி' தரம் என்று சொன்னதும் அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நானா மூன்று தடவை வாசித்தார், மூன்றாம் தடவை பெருநாள் செய்தி வாசிப்பது போலச் சத்தமாக. பிறகு என்னுடையது. மற்றப் பாடங்கள் நன்றாக இருந்தன. இரசாயனவியலில் வெறும் சாதாரண சித்தி, ஆகக் கடைசித் தேர்ச்சி. அதை வைத்துக்கொண்டு எங்கும் போகமுடியாது. பாடத்தின் இன்னொரு பகுதியான சேதன இரசாயனம் காலை வாரிவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அம்மாவிடம், அண்ணனிடம், பாடசாலையில், அண்ணியிடமும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நானே பாதி நம்பியும்விட்டேன்.

எனக்கு வயிறெரிந்தது. அதை மறைப்பதற்கில்லை. அண்ணிக்கு நல்லது நடந்ததில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. அதே நெஞ்சில் அதே நேரத்தில் பொறாமையும் இருந்தது. இரண்டும் போய்வந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் அமைதியாக இருப்பதாகத்தான் தெரிந்திருக்கும். இரவில் அல்ல, பட்டப்பகலில், அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அண்ணிக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகம் தொடங்க ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. ஹல்துமுல்லையில் தன் அப்பா வீட்டுக்குப் போய் மகாராணியாக இருந்துவிட்டு வரலாம். அண்ணி போகவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அவர் இஸ்தோப்புப் படியில் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவார். மடியில் சுளகு, அரிசியில் கல் பொறுக்குவார். மருமகள் வெளியே உட்கார்ந்திருக்கும்போது மூடிய கதவுக்குள் என்ன கள்ளத்தனம் நடக்கும்? பெரியம்மாவுக்குப் பேச்சே எழவில்லை. நான் உள்ளே தனியாகக் கதவோடு மல்லுக்கட்டுவேன். ஏன் நீங்களும் உள்ளே வரக்கூடாது என்று முதல் நாள் கேட்டேன். இந்தத் தடவை நான் உள்ளே இருந்தால் நீ என்னைக் கேலி செய்துகொண்டே பொழுதைப் போக்குவாய் என்றார். கணக்கு சரியாக வந்தால் உள்ளேயிருந்து இரண்டு தட்டுத் தட்டவேண்டும். அவர் கதவைத் திறப்பார். சரியாக வராவிட்டால் தட்டக்கூடாது. தட்டாமல் நான் ஐந்து மணி வரை உள்ளேயே கிடந்த நாட்கள் உண்டு. அவரும் அதுவரை எழும்பமாட்டார். மழை நாட்களில் சாரல் அடித்து அவருடைய சேலைக்கரை நனைந்திருக்கும்.

அடுத்த பரீட்சையில் நான் தேறினேன். அதற்குள் அண்ணி மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். லயத்திலிருந்து கலியாணமான ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கப் போன அந்தக் காலையில், அம்மா மலைக்குப் போகாமல் பஸ் ஏற்றிவிட வந்தார். பெரியம்மாவும் வந்தார், கையில் ஒரு பொட்டலம் அவலோடு. இப்போது அண்ணி பதுளையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறார். அண்ணன் கொழும்பை விட்டு வந்து பல வருடங்களாகிவிட்டன. நிறம் மாறினீர்களா என்று இன்றும் நான் கேட்பதுண்டு. நான் பண்டாரவளையில் இரசாயனவியல் ஆசிரியை. ஒவ்வொரு வருடமும் மூன்று வரிசை போட்டு, மூன்றாம் வரிசைக்குக் கீழே எந்த மலை என்று எழுதுகிறேன். நகரத்துப் பிள்ளைகள் விழிக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் சிரிக்கும். அந்த வரியின் கதையை அவர்களுக்குச் சொல்லும்போது, பரீட்சை மண்டபத்துப் படியையும் பஸ் நிலையத்தையும் மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை கதவைக் கழற்றப் போனோம். அம்மா ஏற்கெனவே புது வீட்டுக்கு மாறிவிட்டார். காம்பரா வெறுமையாகக் கிடந்தது. கதவின் பிணைச்சல் துருப்பிடித்து இறுகியிருந்ததால் அண்ணன் எண்ணெய் தேடிக் கீழ் லயத்துக்குப் போனார். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார், கட்டங்களைக் கடைசியாக ஒரு தடவை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று. நான் வெளியே நின்றேன். பிறகு படியில் உட்கார்ந்தேன். கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: அந்தப் படி எவ்வளவு குறுகலானது, முழங்காலை மடக்காமல் உட்காரவே முடியாது. அதில் ஒரு வருடம் உட்கார்ந்திருக்கிறார். முகத்தைப் பார்க்காமல் சொல்ல இதைவிட நல்ல வேளை வராது என்று தோன்றியது.

"அண்ணி, அன்னைக்கு நான் எந்த மலைன்னு கேக்கல" என்றேன், கதவைப் பார்க்காமலே. "ஒங்ககிட்ட பொய் சொன்னேன்."

உள்ளே அவர் கதவருகே நகர்ந்துவரும் காலடி கேட்டது. பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது.

"பஸ்ஸுலயே தெரியும் புள்ள. நெசமா கேட்டிருந்தா, 'ஒங்கள மாதிரியா நான்'னு ஒரு கேலி பண்ணியிருப்ப. வெறுமனே 'கேட்டேன் அண்ணி'ன்னு சொன்ன. அது தெரிஞ்சுதானே படியில ஒக்காந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே அண்ணன் எண்ணெய்ப் போத்தலோடு ஏறி வருவது தெரிந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால், உள்ளேயிருந்து, இரண்டு தட்டுக் கேட்டது. நான் எழுந்து கதவைத் திறந்தேன்.